தியேட்டர் இருக்கு, டாக்டர் இருக்கு, ஆபரேஷன் மட்டும் இல்லை

ரொம்ப நாளாக எழுத வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப் போட்டுக் கொண்டே வந்த விஷயம் இது. எழுதினால் யாரையோ குறை சொல்வது போல ஆகிவிடுமோ என்று ஒரு தயக்கம். போன வாரம் ஒரு நகைக்கடன் ஃபைலில் கையெழுத்துப் போட்டேன். அதோடு தயக்கம் போய்விட்டது. அந்த ஃபைலைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நான் இப்போது இருப்பது சத்தீஸ்கரில் ஒரு சின்ன ஊர். மாவட்டத் தலைநகரிலிருந்து 60 கிலோமீட்டர். பி.காம். முடித்து, வங்கித் தேர்வு எழுதி, டிரான்ஸ்ஃபரில் சுற்றிச் சுற்றி இது எனக்கு நாலாவது மாநிலம். அரிசிச் சோறு சாப்பிடுகிற ஜனங்கள் என்பதால் சாப்பாட்டுக்குப் பிரச்சினை இல்லை. மனுஷர்களும் தங்கமானவர்கள்.

எங்கள் கிளையில் தினக்கூலிக்கு மெசஞ்சர் வேலை பார்க்கிற பையன் ஒருவன். 26 வயது. போன வருடம் ஆகஸ்டில், நல்ல மழை நாளில், ராத்திரி பதினோரு மணிக்கு அவனிடமிருந்து போன். "சார், உங்க வண்டி கொஞ்சம் வேணும். வீட்ல பிரசவ வலி. மத்தியானத்துலேர்ந்து ஆஸ்பத்திரியிலதான் இருக்கோம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்றாங்க."

சட்டையை மாட்டிக் கொண்டு போனேன். ஊரில் உள்ள சமுதாய சுகாதார மையம் (நம்ம ஊர் தாலுகா ஆஸ்பத்திரி மாதிரி வைத்துக் கொள்ளுங்கள்). இரண்டாவது பிரசவம். வலி எடுத்துப் பத்து மணி நேரம் ஆகியும் குழந்தை இறங்கவில்லை. சிசேரியன்தான் வழி. அங்கே பெண் டாக்டர் இருந்தார். மகப்பேறு படித்தவர், பாண்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிற சின்னப் பெண். ஆபரேஷன் தியேட்டரும் இருந்தது. மேலே பெரிய விளக்கு, ஏற்றி இறக்குகிற மேஜை, மயக்க மருந்து கொடுக்கிற மெஷின், எல்லாம் இருந்தது. மெஷின் மீது பிளாஸ்டிக் உறை அப்படியே.

"பிறகு ஏன் டாக்டர் 60 கிலோமீட்டர் அனுப்பறீங்க?" என்று கேட்டேன்.

"என்னால கத்தி வைக்க முடியும் சார். மயக்கம் யாரு குடுப்பா?" என்றார். மயக்க மருந்து டாக்டர் ஜனவரியில் மாற்றலாகிப் போனவர். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. ரத்தம் வைக்க ஃபிரிட்ஜ் இருக்கிறது, ரத்தம் இல்லை. இதையெல்லாம் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இந்த வருடம் எத்தனையோ பேரிடம் சொல்லிச் சலித்துப் போன குரல்.

102 வண்டி (இங்கே மஹதாரி எக்ஸ்பிரஸ் என்பார்கள்) வேறு கிராமத்துக்குப் போயிருந்தது. நாற்பது நிமிடம் காத்திருந்தோம். வந்ததும் அந்தப் பெண்ணையும் மிதானினையும் (நம்ம ஊர் கிராம சுகாதாரப் பணியாளர் மாதிரி) அதில் ஏற்றிவிட்டு, பையனையும் அவன் மாமியாரையும் என் காரில் கூட்டிக் கொண்டு பின்னாலேயே போனேன். ஓர் இடத்தில் தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர். சுற்றிக் கொண்டு போனதில் இரண்டே கால் மணி நேரம். ஆபரேஷன் ஆரம்பித்தபோது விடியற்காலை நாலு மணி.

தாய் பிழைத்தாள். இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். அதில் ஒன்றுக்கு ஈடாக நான் கொடுத்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன், 44 வயதில் அதுதான் முதல் தடவை. குழந்தை அழவில்லை. பச்சிளங் குழந்தைகள் பிரிவில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் போய்விட்டது. பெண் குழந்தை.

யாரும் அலட்சியம் செய்யவில்லை என்பதுதான் இதில் என்னை உறுத்துவது. டாக்டர் ஒளியவில்லை. மிதானின் கடைசி வரை கூடவே இருந்தாள். டிரைவர் உயிரைக் கொடுத்து ஓட்டினார். சட்டையைப் பிடித்து உலுக்க ஓர் ஆள் கிடைத்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது.

நமக்கெல்லாம் ஆபரேஷன் என்றால் சர்ஜன்தான் நினைவுக்கு வருவார். கத்தி பிடிக்கிறவர் சங்கிலியில் ஒரு கண்ணி மட்டும்தான். மயக்கம் கொடுக்கிறவர், ரத்தம், தியேட்டர் நர்ஸ், கருவிகளைக் கிருமி நீக்குகிறவர், ஆக்சிஜன், கரண்ட், பிறந்த குழந்தையைக் கையில் வாங்கிக் கவனிக்க ஒருவர், இத்தனையும் ஒரே ராத்திரியில் ஒரே கூரைக்குக் கீழ் இருக்க வேண்டும். ஏழில் ஆறு இருந்தால் ஏழில் ஆறு பங்கு ஆபரேஷன் நடக்காது. ஒன்றும் நடக்காது.

எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் இருக்கிறது. சொத்து கணக்கில் இருக்கும், வருமானம் வராது. வாராக்கடன் என்போம். அதை ஒளித்து வைத்தால் ரிசர்வ் வங்கி விடாது. ஆஸ்பத்திரிக் கணக்கில் மட்டும் உறை பிரிக்காத மெஷினும் "இருப்பு" என்றே காட்டப்படுகிறது.

சிசேரியனுக்குப் பெரும்பாலும் முழு மயக்கம் தேவையில்லை. கீழ் முதுகில் போடுகிற ஓர் ஊசி போதும். மருந்தின் விலை பெரிய விஷயமே இல்லை. ஊசி போட்ட பிறகு ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கலாம், மூச்சு சிரமப்படலாம். அதைப் பார்த்துச் சமாளிக்கத் தெரிந்தவர் தலைமாட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஓர் ஆள்தான் பிரச்சினை.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. ஒவ்வொரு சமுதாய சுகாதார மையத்திலும் சர்ஜன், மகப்பேறு, குழந்தைகள், பொது மருத்துவம் என்று நாலு ஸ்பெஷலிஸ்ட்டாவது இருக்க வேண்டும் என்பது விதி. கிராமப்புற மையங்களுக்குத் தேவையான ஸ்பெஷலிஸ்ட்டுகளில் சுமார் 80 சதவீதம் பற்றாக்குறை என்று மத்திய அரசின் 2021-22 புள்ளிவிவரமே சொல்கிறது. உலக அளவில், நம்பகமான, கட்டுப்படியாகிற அறுவை சிகிச்சை கிடைக்காதவர்கள் 500 கோடிப் பேர் என்று 2015ல் லான்செட் கமிஷன் கணக்குச் சொன்னது. ஒரு முதல்நிலை ஆஸ்பத்திரி தேறுமா என்று பார்க்க அவர்கள் வைத்த பரீட்சை ரொம்ப எளிமையானது. சிசேரியன், வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷன், எலும்பு வெளியே தெரிகிற முறிவுக்குச் சிகிச்சை. இந்த மூன்றும் அங்கே நடக்கிறதா? யாராக இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்குள் அங்கே போய்ச் சேர முடிகிறதா? பிரசவத்துக்குப் பிறகு நிற்காத ரத்தப்போக்கு ஒரு பெண்ணை இரண்டு மணி நேரத்தில் கொன்றுவிடும். அந்தக் கெடு அங்கிருந்து வந்தது.

இதைப் படிக்கிற நம்மவர்கள் சிலர் மனதில் ஓடுவது எனக்குத் தெரியும். "நம்ம ஊர்ல வேண்டாதவங்களுக்கெல்லாம் வயித்தைக் கிழிக்கறாங்க, நீங்க சிசேரியன் இல்லேன்னு அழறீங்களே." நியாயமான கேள்வி. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் சிசேரியன் 44.9 சதவீதம். பீகாரில் 9.7. சத்தீஸ்கரில் 15.2. மொத்தத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் போனால் அதனால் கூடுதலாக உயிர்கள் காப்பாற்றப்படுவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015ல் சொல்லியிருக்கிறது. அப்படியானால் சத்தீஸ்கருக்கு 15 போதுமே?

சராசரியை நம்பாதீர்கள் என்று எந்த வங்கிக்காரனும் சொல்வான். கிளையின் சராசரி டெபாசிட் நன்றாக இருக்கும். பத்துப் பேர் கணக்கில் கோடி, மீதிப் பேர் கணக்கில் மினிமம் பேலன்ஸ்கூட இருக்காது. அதே ஆய்வில், நாடு முழுக்கத் தனியார் ஆஸ்பத்திரிப் பிரசவங்களில் 47.4 சதவீதம் சிசேரியன், அரசு ஆஸ்பத்திரிகளில் 14.3. காசு இருக்கிற இடத்தில் வேண்டாதவளுக்கும் கத்தி, காசு இல்லாத இடத்தில் வேண்டியவளுக்கும் இல்லை. இரண்டும் சேர்ந்து ஒரு அழகான சராசரி. அந்தப் பெண்ணைப் போன்றவர்களும் அப்படிப்பட்ட கணக்குக்குள்தான் வருகிறார்கள், தெரியுமா? நாலு மணிக்கு நடந்த சிசேரியனும் கணக்கில் ஒன்றுதான். எத்தனை மணி நேரம் தாமதம் என்று கேட்க அதில் கட்டம் கிடையாது.

நம்ம ஊரில் குறை உண்டு. ஆனாலும் ஊரை விட்டு வெளியே வந்த பிறகுதான் அதன் அருமை எனக்குப் புரிந்தது. 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்குத் தாய் இறப்பு தமிழ்நாட்டில் 54, சத்தீஸ்கரில் 137, நாடு முழுக்க 97. இந்த வித்தியாசம் தமிழன் புத்திசாலி என்பதால் வந்ததில்லை. சில சலிப்பூட்டுகிற நிர்வாக வேலைகளை வருடக்கணக்கில் விடாமல் செய்ததால் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஷிஃப்ட்டுக்கு ஒருவராக மூன்று நர்சுகள். மருந்து வாங்க 1994லேயே தனிக் கழகம். தாய் ஒருத்தி இறந்தால் ஏன் என்று உட்கார்ந்து விசாரணை. மாவட்டத்துக்குச் சில ஆஸ்பத்திரிகளைத் தேர்ந்தெடுத்து அங்கே ஆளையும் ரத்தத்தையும் குவித்து 24 மணி நேரம் ஓட்டியது (பேப்பரில் சீமாங் சென்டர் என்று பார்த்திருப்பீர்கள்). மயக்க மருந்து டாக்டர் இல்லாத இடத்தில் தனியார் டாக்டரை கேஸுக்கு இவ்வளவு என்று பேசிக் கூப்பிட்டார்கள். அரசுப் பணியில் இருக்கிற டாக்டர்களுக்கு மேற்படிப்பில் இட ஒதுக்கீடு வைத்தார்கள். அப்படிக் கொடுக்க மாநிலங்களுக்கு உரிமை உண்டு என்று 2020ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. கிராமத்தில் வேலை பார்த்தால் ஸ்பெஷலிஸ்ட் ஆகலாம் என்றால் டாக்டர் ஏன் வரமாட்டார்?

குழந்தைகள் விஷயம் இன்னும் மோசம். என் பையனுக்கு நாலு வயதில் ஹெர்னியா. திருச்சியில் காலையில் ஆபரேஷன், சாயங்காலம் வீடு. மறுநாள் சைக்கிள் ஓட்டக் கிளம்பிவிட்டான். இங்கே எங்கள் சுய உதவிக் குழு வாடிக்கையாளர் ஒருவரின் பையனுக்கு அதே ஹெர்னியா. ஆறு வயது. இரண்டு வருடமாகக் காத்திருக்கிறான். பெரியவர்களுக்கு என்றால் முதுகில் ஊசி போட்டு முடித்துவிடுவார்கள். சின்னப் பையன் விழித்துக் கொண்டு அசையாமல் படுத்திருப்பானா? அவனுக்கு முழு மயக்கம் வேண்டும். எடைக்குத் தகுந்த மருந்து, சின்ன அளவுக் குழாய், உடம்பு சில்லிட்டுப் போகாமல் பார்க்க ஆள் வேண்டும். அதனால் "ராய்ப்பூர் போங்க" என்கிறார்கள். இரண்டு நாள் கூலி போகும், கூட ஒருவர் வர வேண்டும், மற்ற குழந்தைகளை யார் பார்ப்பது? குடல் சிக்கிக் கொள்கிற நாள் வரைக்கும் அது அவசரமில்லாத கேஸ். சிக்கிய பிறகு இரண்டு மணி நேரக் கணக்கு.

2013லிருந்து ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்று ஒரு திட்டம் இருக்கிறது. பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் டாக்டர் குழு வந்து பிறவிக் குறைகளைக் கண்டுபிடிக்கும். நல்ல திட்டம். பிளவுபட்ட உதடு, வளைந்த பாதம், இருதயத்தில் ஓட்டை எல்லாம் பட்டியலில் உண்டு. நயா ராய்ப்பூரில் 2012ல் தொடங்கிய சத்ய சாய் சஞ்சீவனி மருத்துவமனையில் குழந்தைகளுக்கு இருதய ஆபரேஷன் இலவசமாகவே செய்கிறார்கள். இருதயத்துக்கு வழி இருக்கிறது. பக்கத்து ஊரில் முடிய வேண்டிய ஹெர்னியாவுக்கு வழி இல்லை. பெரிய ஆபரேஷனுக்குப் புரவலர் கிடைப்பார், சின்ன ஆபரேஷனுக்குக் கிடைக்க மாட்டார்.

"சரி, முகாம் போட்டு முடித்துவிடலாமே" என்பார்கள். முகாமுக்கு இந்த மாநிலம் கொடுத்த விலை தெரியுமா? 2014 நவம்பரில் பிலாஸ்பூர் பக்கத்தில் ஒரு குடும்பக் கட்டுப்பாடு முகாம். ஒரே டாக்டர், சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன். ஒரு நாளைக்கு 30க்கு மேல் கூடாது என்பது விதி. 13 பெண்கள் இறந்து போனார்கள். எல்லாரும் சின்னக் குழந்தைகளின் தாய்மார்கள். 2016ல் உச்ச நீதிமன்றம் இந்த முகாம்களை மூன்று வருடத்துக்குள் நிறுத்தச் சொன்னது. டார்கெட் என்ற வார்த்தை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். மார்ச் மாதம் எங்கள் கிளைக்கு வந்து பாருங்கள். எங்களால் கெட்டுப் போவது ஒரு லோன். அங்கே உயிர்.

அப்படியானால் ஏழை ஊரில் நல்ல ஆபரேஷன் சாத்தியமே இல்லையா? இதே மாநிலத்தில் நடந்திருக்கிறது. தல்லி ராஜ்ஹராவில் இரும்புச் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் துணைத் தலைவியாக இருந்த குசும்பாய் பிரசவத்தில் இறந்து போனார். அந்தத் துக்கத்திலிருந்து பிறந்தது சொந்தமாக ஆஸ்பத்திரி வேண்டும் என்ற பேச்சு. 1983ல் தொழிலாளர்கள் தங்கள் காசிலும் உழைப்பிலும் ஷஹீத் மருத்துவமனையைக் கட்டினார்கள். பிலாஸ்பூர் பக்கம் கனியாரியில், டெல்லி எய்ம்ஸில் படித்த டாக்டர்கள் சிலர், கைவிடப்பட்ட நீர்ப்பாசனத் துறைக் கட்டடங்களில் ஆரம்பித்தது ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக். அங்கேயும் தியேட்டர் உண்டு. இரண்டு இடத்திலும் கட்டடம் பிரமாதமில்லை. ஆட்கள் சேர்ந்து வந்தார்கள், சேர்ந்து தங்கினார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

என் கருத்து இதுதான். டாக்டர்களைத் தனித்தனியாகப் போஸ்டிங் போடுவதை நிறுத்த வேண்டும். செட்டாகப் போட வேண்டும். சாதாரண எம்.பி.பி.எஸ். டாக்டருக்கு 18 வாரம் பயிற்சி கொடுத்து, அவசரப் பிரசவத்துக்கு மயக்கம் கொடுக்கத் தயார் செய்கிற திட்டம் மத்திய அரசிடமே இருக்கிறது. சிசேரியன் செய்ய 16 வாரப் பயிற்சியும் உண்டு. பயிற்சி முடித்த பிறகு, மயக்கம் கற்றவரை சர்ஜன் இல்லாத ஊருக்கும், சர்ஜனை மயக்கம் தெரிந்தவர் இல்லாத ஊருக்கும் அனுப்பினால் இரண்டு சம்பளம் போகும், ஆபரேஷன் நடக்காது. எங்கள் வங்கியில் லாக்கருக்கு இரண்டு சாவி. ஒரு சாவியை இங்கேயும் இன்னொன்றை ராய்ப்பூரிலும் வைத்தால் அதை லாக்கர் என்று யாராவது சொல்வார்களா?

"18 வாரம் படித்தவர் ஏழைக்கு, எம்.டி. படித்தவர் பணக்காரனுக்கா?" என்று கேட்கலாம். எனக்கும் அந்தக் கேள்வி உறுத்துகிறது. அன்று ராத்திரி எம்.டி.யா, 18 வாரமா என்று தேர்ந்தெடுக்கிற வசதி அந்தப் பெண்ணுக்கு இல்லை. 18 வாரமா, 60 கிலோமீட்டரா என்பதுதான் அவளுக்கு முன்னால் இருந்தது. எம்.டி. வருகிற நாள் வரட்டும், நல்லது. அதுவரை தலைமாட்டில் யாரோ ஒருவர் உட்கார வேண்டும். கஷ்டமான கேஸில் போனில் கேட்க மேலே ஒரு டாக்டரும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, எண்ணுவதை மாற்ற வேண்டும். எத்தனை தியேட்டர் கட்டினோம் என்பதை விட்டுவிட்டு, போன மாதம் ராத்திரி எட்டிலிருந்து காலை எட்டுக்குள் எத்தனை சிசேரியன் நடந்தது, எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினோம், அனுப்பியவர்களுக்கு என்ன ஆயிற்று என்று ஆஸ்பத்திரி வாசலில் எழுதிப் போட வேண்டும்.

இதில் என் கையும் சுத்தமில்லை. மூன்று வருடம் முன்பு எங்கள் வங்கியின் சமூகப் பொறுப்பு நிதியில் அதே ஆஸ்பத்திரிக்குப் பச்சிளங் குழந்தையைக் கதகதப்பாக வைக்கிற மெஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். ரிப்பன், பேனர், போட்டோ எல்லாம் ஆயிற்று. பேனரில் நானும் இருக்கிறேன். இதை இயக்க ராத்திரியில் யார் இருப்பார்கள் என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. அஞ்சு லட்சம் லோன் கேட்டு வருகிறவனிடம் ஐம்பது கேள்வி கேட்கிறவன் நான்.

இங்கே ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரிக்கும் ஜீவன் தீப் சமிதி என்று ஒரு நிர்வாகக் குழு உண்டு. இப்போது அதன் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் தவறாமல் போகிறேன். ஒரே கேள்விதான் கேட்கிறேன்: "மயக்க மருந்து டாக்டர் எப்போ வருவார்?" எல்லாரும் சிரிக்கிறார்கள். கேட்டுக் கொண்டுதான் இருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாவட்ட ரத்த வங்கிக்கும் போய் வருகிறேன். வீட்டில் தங்கமணியும் கூட வருகிறார்.

இப்போது அந்த நகைக்கடன். 2011லிருந்து அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், வண்டி எல்லாமே இலவசம். இலவசமாகத்தான் செய்தார்கள், பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஒன்பது நாள் நாலு பேர் வெளியூரில் சாப்பிட வேண்டும், படுக்க வேண்டும். வெளியே எடுக்கச் சொன்ன டெஸ்ட்டுகள். அவனுக்கு தினக்கூலி, வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது. குழந்தையை ஊருக்கு எடுத்து வந்து அடக்கம் செய்ய வண்டி. அவள் கழுத்து மங்கள்சூத்திரத்தை எங்கள் கிளையில்தான் அடகு வைத்தான். எட்டு கிராமுக்குச் சற்று மேல். ஒரு வருடம் ஆயிற்று, மீட்க முடியவில்லை. போன வாரம் வட்டி மட்டும் கட்டிப் புதுப்பித்தான்.

ஃபாரத்தில் கடன் எதற்காக என்று ஒரு கட்டம் இருக்கிறது. "என்ன சார் எழுதறது?" என்று கேட்டான். மருத்துவச் செலவு என்று எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

மெஷின் மேல் உறை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. போன மாதக் கூட்டத்தில் பார்த்தேன்.

வெளி மாநிலங்களில் இருக்கிற நண்பர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியில், இன்று ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பெண் வந்தால் சிசேரியன் செய்ய முடியுமா என்று விசாரித்துப் பாருங்கள். தியேட்டர் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். இருக்கும்.